உப்பூருக்கு வெற்றிடம் கொண்டுபோன பயணம்

பயணக் கட்டுரை எழுத வேண்டுமானால் ஊர் பார்க்கப் போயிருக்க வேண்டும். நான் வேலைக்குப் போனவன். அதுவும் மூடிய வண்டியின் பின்பக்கத்தில், ஒரு பெட்டிக்குத் துணையாக உட்கார்ந்து போனவன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க வராது. எங்கள் குடியிருப்பு வாசகர் வட்டத்தில் எல்லோரும் போய்வந்த இடத்தைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று முடிவானபோது, காசிக்குப் போனவரும் சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்தவரும் உடனே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பேசாதவர் எழுதியாவது காட்டட்டும் என்று என்னையும் விடவில்லை. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள், எழுதியதை வட்டத்துக்கு வெளியே கொடுக்காதீர்கள். ராமேசுவரம் வரை போய்விட்டு, ஒரு தீர்த்தத்தில்கூடத் தலை நனைக்காமல் திரும்பியவன் எழுதுவது இது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஓசூர்க்காரன். மைக்ரோவேவ் டியூப் செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் வெற்றிடப் பிரிவில் ஃபிட்டராக இருக்கிறேன். வீட்டில் சோறு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்குள் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு டியூப் இருக்கும். அலையை உண்டாக்குவது அதுதான். நாங்கள் கொண்டுபோனதும் அதே இனம்தான், ஆனால் ஆள் உயரம். அது உண்டாக்கும் அலை மட்டும் மிகச் சிறியது, மில்லிமீட்டர் கணக்கில் வரும். அவ்வளவு சிறிய அலை, மழையாகத் திரளாத மேகத்தின் நுண்துளிகளில்கூடப் பட்டுத் திரும்பி வரும். அதை ரேடாரில் பொருத்தினால் மேகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். சிறிய அலையைப் பெரிய சக்தியோடு உண்டாக்குவதுதான் சிரமம். உலகத்தில் சில இடங்களில்தான் செய்கிறார்கள்.

டியூபின் அடிமுனையில் ஒரு வளையம் செக்கச் சிவக்கச் சூடாகி எலெக்ட்ரான்களை வெளிவிடும். சுற்றியிருக்கும் பெரிய காந்தம் அவற்றைச் சுழல வைக்கும். சுழன்றுகொண்டே மேலே போகும்போது அவை தங்கள் சக்தியை அலையாகக் கொடுத்துவிடும். அலை, மேல்முனையில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் தட்டு வழியாக வெளியே வரும். அந்தத் தட்டுக்கு நாங்கள் ஜன்னல் என்று பெயர் வைத்திருக்கிறோம். உள்ளே இருக்கும் அலை வெளியே வர வேண்டும், வெளியே இருக்கும் காற்று உள்ளே போகக் கூடாது. உள்ளே காற்றே இல்லாமல் இருக்க ஒரு சின்ன பம்ப் இரவும் பகலும் ஓடும். அந்த பம்ப்பின் முள் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். பயணத்திலும் அதே உத்தியோகம்தான்.

இந்த டியூபை வடிவமைத்தவர் வளர்மதி மேடம். திருவாடானைக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். வயதில் என்னைவிட மிகவும் சிறியவர். என்னை மாணிக்கம் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். கல்யாணப் பேச்சை வீட்டில் எடுத்தபோதெல்லாம் டியூப் முடியட்டும் என்று தள்ளிப்போட்டவர். எங்கள் கூடத்தில் டியூப் பாதிச் சக்தியில் நன்றாக ஓடியது. முழுச் சக்தியில், ரேடார் நிற்கப்போகும் உப்பூர்க் கடற்கரையிலேயே, உப்புக் காற்றில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஓடினால் இரண்டாவது டியூப் செய்யலாம், ஓடாவிட்டால் எங்கள் பிரிவையே கலைத்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிடுவார்கள். இதுதான் நாங்கள் உப்பூருக்குப் போன காரணம்.

வண்டி ஓட்டியவர் பசவராஜ். கோலார் பக்கத்து ஆள், கன்னடம்தான் பேசுவார். யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவார். அவர் சொன்னதை எல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். பரமக்குடியைத் தாண்டியதும் அவர் முன்னாலிருந்து கத்தினார்: "குரு, உன் பெட்டிக்குப் போகும் கரண்ட் நின்றுவிட்டது. இன்வெர்ட்டர் விளக்கு எரியவில்லை!" நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். முள் மெல்ல நகர ஆரம்பித்திருந்தது. கொஞ்ச நேரம் தாங்கும், அதிக நேரம் தாங்காது. சாலையோரம் ஒரு தேநீர்க் கடை தெரிந்தது. பசவராஜுக்குத் தமிழ் வராது. கேட்க வேண்டியது நான்தான்.

கடைக்கார அம்மாவிடம் ஒரு பிளக் பாயின்ட் கிடைக்குமா என்று கேட்டேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"பெட்டிக்குள்ள என்னய்யா? மீனா? ஐசு உருகுதா?"

"இல்லக்கா. உள்ள ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா கரண்டு கேக்குற?"

"ஒண்ணுமில்லாமலே இருக்கணும்க்கா. அதுக்குத்தான் கரண்டு."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "குடுத்து விடு ஆத்தா. கிறுக்கு முத்திப் போறதுக்குள்ள அனுப்பிரு."

அந்த அம்மா தன் குளிர்பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். "கலரு சூடானா ஆகிட்டுப் போகுது. இந்தாளுக்கு மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துது." முள் இறங்கும்வரை அங்கேயே இருந்தோம். பசவராஜ் பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டி எடுத்துச் சரிசெய்தார். அதற்குள் அவர் மூன்று வடை சாப்பிட்டிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் முன்பின் தெரியாதவன் இப்படி வந்து நின்றால் முதலில் எந்த ஊர், யார் வீடு என்று விசாரிப்போம். இங்கே முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு கேலி செய்கிறார்கள்.

உப்பூருக்கு வெளியே, கருவேலஞ்செடிகளை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் கம்பி வேலி போட்டு, இரண்டு இரும்புக் கொட்டகைகளை வைத்திருந்தார்கள். ஒன்றில் உயர் மின்னழுத்தக் கருவிகள், இன்னொன்றில் காந்தமும் டியூபும். கருவேலத்துக்கு அந்தப் பக்கம் கடல். அலையே இல்லாத கடல். ஏரி என்று நினைத்துப் பசவராஜ் ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். அவர் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஊருக்குள் குடத்துக்குக் காசு கொடுக்கிறார்களே" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் இயந்திரத்தைக் குளிர்விக்க உப்பே இல்லாத தண்ணீர் வேண்டும் என்பதால் ஓசூரிலிருந்து டிரம்களில் கொண்டுவந்திருந்தோம். பார்க்க வந்த ஆடு மேய்க்கும் பெண்களுக்கு, அது குடிக்கிற தண்ணீர் இல்லை என்று புரியவைக்க என்னால் முடியவில்லை. வெளியூர்க்காரன் தண்ணீரை ஒளித்துவைத்திருக்கிறான் என்றே எண்ணிக்கொண்டு போனார்கள்.

தங்கியது தேவிபட்டினத்தில், கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கற்களைக் கும்பிட வருகிறவர்கள் தங்கும் விடுதியில். மேடமும் மின்னழுத்தக் கருவிக்குப் பொறுப்பான குல்கர்னி சாரும் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள். சார் புனேக்காரர், சைவம். எந்தக் கடைக்குப் போனாலும் மீன் வாசனை வருகிறது என்று தயிர்ச்சோற்றிலேயே காலம் கழித்தார். எனக்கு அந்தக் கவலை இல்லை. நண்டுக் குழம்பும் சோறும் கிடைத்தது. குண்டு மிளகாய் அரைத்து விட்ட குழம்பு. பார்க்கச் சாது, ஆனால் சாப்பிட்டு முடித்து எழுந்து கை கழுவும்போதுதான் காதிலிருந்து ஆவி வரும். எங்கள் பக்கத்துக் களியும் கீரைக் கடைசலும் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

டியூபைச் சுற்றி நிற்கும் காந்தம் கடுங்குளிரில்தான் வேலை செய்யும், அதைக் குளிரவைக்க நாட்கள் ஆகும். அதுவரை வேலை குறைவு. மேடம்தான் ஒருநாள் ராமேசுவரம் போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பினார். அவர் வரவில்லை. வீடு ஒரு மணி நேரத்தில் போய்விடும் தூரம்தானே, வீட்டுக்காவது போய்வரக் கூடாதா மேடம் என்று கேட்டேன். நான் அவரிடம் அதிகமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"ஓடட்டும் அண்ணே. ஓடுனதும் போயி அய்யாகிட்ட சொல்லிட்டு வாரேன். இப்பப் போனா, எப்ப முடியும்னு கேப்பாரு. பதில் இல்லாமப் போயி நிக்க எனக்கு வெக்கமா இருக்கு."

பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். பலகைக்குக் கீழேயே எல்லோரும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பசவராஜும் நிறுத்தினார். காற்றில் அவருடைய தொப்பி பறந்து கடலில் விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு மீனவர், "பரவால்லண்ணே, நாளைக்கு எங்க வலையில வந்துரும்" என்றார். கோயிலில் தீர்த்தமாடும் வரிசை தெருவரை நின்றது. ஈரத் துணியோடு முன்பின் தெரியாத இத்தனை பேருக்கு நடுவில் நடக்க எனக்குக் கூச்சம். வெளியிலேயே நின்றுவிட்டேன். குல்கர்னி சார் எல்லாத் தீர்த்தத்திலும் நீராடி, பற்கள் தந்தியடிக்க வந்து சேர்ந்தார். டியூபுக்காக வேண்டிக்கொண்டேன் என்றார். சங்குக் கடையில் மேடத்துக்கு என்று ஒரு வலம்புரி வாங்க எடுத்தேன். கொடுக்கும்போது என்ன சொல்வது என்று யோசித்து, திரும்ப வைத்துவிட்டேன். இப்போது நினைத்தால் அதையாவது வாங்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

காந்தம் குளிர்ந்து முடிந்தது. அடுத்து வந்த நாட்களில் டியூபைக் காந்தத்துக்குள் இறக்கி, தண்ணீர்க் குழாய்களைப் பொருத்தி, குறைந்த சக்தியில் துடிப்புத் துடிப்பாகக் கொடுத்துப் பழக்கினோம். புதுச் செருப்பைக் கொஞ்ச தூரம் கொஞ்ச தூரமாக நடந்து பழக்குவது போலத்தான். அவசரப்பட்டால் உள்ளே பொறி பறக்கும். கடைசியாக, முழுச் சக்திச் சோதனைக்காக, அலையைக் கடத்திக்கொண்டு போகும் பெரிய அலைக்குழாயை ஜன்னலுக்கு மேலே பொருத்த வேண்டும்.

சோதனை நாள் காலையில், அதுவரை பொருத்தியிருந்த சின்ன அலைக்குழாயைக் கழற்றினேன். ஜன்னலை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடைத்தேன். எங்கள் கூடத்தில் ஒரு விதி உண்டு. ஜன்னலை ஒரே ஒரு தடவை துடைத்து, உடனே சிவப்பு பிளாஸ்டிக் மூடியைப் போட்டுவிட வேண்டும். மூடி போட்ட ஜன்னலை மறுபடி துடைக்கக் கூடாது. ஒவ்வொரு துடைப்பும் ஒரு கீறலுக்கு வாய்ப்பு. மூடியை எடுத்த கையோடு அலைக்குழாயை வைத்துத் திருகிவிட வேண்டும். பதினேழு வருடமாக நான் அப்படித்தான் செய்துவருகிறேன். அன்றும் துடைத்தேன், மூடினேன்.

வெயில் ஏறும் நேரத்தில் வேலிக்கு வெளியே ஒரு மொபெட் வந்து நின்றது. முன்பக்கம் ஒரு பெரிய தூக்குச்சட்டி, ஹேண்டில்பாரில் இரண்டு துணிப்பைகள். வேட்டியை மடித்துக் கட்டிய மனிதர் இறங்கிக் கைப்பேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்: "ஏலே, ஆடு மொளகாய்க்குள்ள போயிருச்சுன்னு எங்கிட்ட சொன்னா, நான் என்ன உப்பூர்ல இருந்தா பத்துவேன்? பத்துடா!" மேடம் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். "அய்யா!" என்று கூப்பிட்ட குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவருடைய அப்பா சாத்தையா. மகள் வரவில்லை என்பதால் அவரே வந்துவிட்டார். விடியற்காலையிலேயே திருவாடானைக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பி, சமைத்தது எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

வெளியாட்களைக் கொட்டகைக்குள் விடக் கூடாது என்பது கட்டளை. அந்தக் கட்டளையில் பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டவர் மேடம்தான். அவர் என்னைப் பார்த்தார், குல்கர்னி சாரைப் பார்த்தார். "ரெண்டே நிமிசம். தூரமா நின்னு பாத்துட்டு வந்துரட்டும்" என்றார். யாரும் மறுக்கவில்லை. மறுக்கிற முகமா அது.

உள்ளே வந்து, சாத்தையா டியூபைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். உழவு மாடு வாங்க வந்தவர் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இம்புட்டு நாளா இத வச்சுக்கிட்டா எங்கள அலைய விட்ட?"

"இதான்ய்யா."

"என்ன பண்ணும்?"

"மேகத்துக்குள்ள பாக்கும்ய்யா."

"எங்க ஊரு மேல மேகமே வாரதில்ல. அதுக்கு ஒரு மெசினு வேற." குல்கர்னி சாருக்கு எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னேன், அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, மழைய வர வைக்குமா?"

"வாரதைச் சொல்லும்ய்யா."

"அதத்தான் பஞ்சாங்கமும் சொல்லுது. அது இங்கன கரண்டும் கேக்கல, காவலும் கேக்கல." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். "அந்த அலை எது வழியா வரும் தாயி?"

மேடம் சிவப்பு மூடியைக் காட்டினார். "இதுக்குள்ளதான் ஜன்னல் இருக்கு. அது வழியா வெளிய வரும்."

"அப்ப அதான் மூஞ்சி."

"ஆமாய்யா. மூஞ்சின்னே வச்சுக்கங்க."

வெளியே கருவேல நிழலில் தார்ப்பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். நாட்டுக்கோழிக் குழம்பு, வெந்தயக் கத்தரிக்காய், குல்கர்னி சாருக்கென்று தனியாகப் பருப்பு. சைவம் சாப்பிடுகிற சார் ஒருவர் இருக்கிறார் என்று மகள் எப்போதோ போனில் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார். எங்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, "கை கழுவிட்டு வாரேன், நீங்க சாப்புடுங்க" என்று கொட்டகையின் ஓரத்தில் இருந்த குழாய்ப் பக்கம் போனார். கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. பூட்டுகிற வழக்கமும் இல்லை, ஏனென்றால் அங்கே எங்களைத் தவிர யாரும் இருந்ததில்லை.

திரும்பி வரும்போது அவர் விரலில் குங்குமம் இருந்தது. "ஒரு பொட்டு வச்சுட்டு வந்தேன். புதுசு வெறும் நெத்தியா நிக்கக் கூடாதுல்ல" என்றார். மேடம் இலையிலிருந்து எழுந்து ஓடினார். நானும் ஓடினேன். டியூபைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில், கண் உயரத்தில், ஒரு குங்குமப் பொட்டு. சந்தனம் வைத்து அதன் மேல் வைத்திருந்தார். மூடி அதன் இடத்தில் அழுந்திப் பொருந்தி இருந்தது. மேடத்துக்கு மூச்சு திரும்பியது. சிரிப்பும் வந்தது.

"சட்டத்துலதான் அண்ணே. இருக்கட்டும்."

அவர் சொன்னது சரிதான். சட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் கூடத்தில் ஆயுத பூசையன்று கடைசல் இயந்திரத்துக்கு நாங்களே வைக்கிறோம். ஓசூரில் யார் புது வண்டி வாங்கினாலும் முதலில் வைப்பது இதைத்தான்.

சாத்தையா சாப்பிட்டுவிட்டு, ஆட்டைப் பத்தி விரட்ட வேண்டும் என்று கிளம்பினார். போகும்போது என் தோளில் தட்டி, "தம்பி, எம்புள்ளைய நல்லாப் பாத்துக்கங்க. சோறு மறந்துரும்" என்றார். நான் தலையாட்டினேன்.

மதியத்துக்கு மேல் வேலையைத் தொடங்கினோம். நான் மூடியை எடுத்தேன். வெள்ளைத் தட்டு வெள்ளையாக இருந்தது. எடுத்த கையோடு அலைக்குழாயை வைத்துத் திருகினேன். ஒரே ஒரு தடவை துணியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. விதிப்படி துடைப்பதுதான் தவறு. எத்தனையோ இரவு இதை நினைத்துவிட்டேன். நினைக்கிறபோதெல்லாம் விதியும் சரியாகவே இருக்கிறது, நான் செய்ததும் சரியாகவே இருக்கிறது.

சோதனையின்போது எல்லோரும் மின்னழுத்தக் கருவிகள் இருக்கும் கொட்டகைக்குள் இருப்போம். அலையை மேகத்துக்கு விடுவதில்லை. தண்ணீர் ஓடும் ஒரு பெட்டிக்குள் விட்டு, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்து, சக்தியைக் கணக்கிடுவோம். குல்கர்னி சார் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். துடிப்புகளின் சத்தம் சுவர் வழியாக, சுவர்க்கோழி கத்துவது போலக் கேட்டது. மேடம் திரையில் தண்ணீரின் சூட்டைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் சொன்னார். பாதிச் சக்தி. முக்கால். என் முள் அசையவில்லை. கடைசிப் படியில் அவர் திரையைத் தொட்டுக்கொண்டு நின்றார். குல்கர்னி சார்தான் ஆங்கிலத்தில் சொன்னார்: "முழுச் சக்தி. பெண்ணே, முழுச் சக்தி!"

பசவராஜ் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, ஓடுது" என்றார். ஒரு தேநீர் குடிக்கிற நேரம் ஓடியிருக்கும்.

அப்புறம் டியூப் இருந்த கொட்டகையில் 'டப்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, குண்டு பல்பு உடைகிற மாதிரி. என் முள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் அங்கேயே நின்றது. மின்னழுத்தம் தானாகவே நின்றுவிட்டது. சுவர்க்கோழி நின்றுவிட்டது. உள்ளே காற்று போய்விட்டது என்று சொல்ல வேண்டியவன் நான். நான் சொல்வதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சூடு அடங்கியபின் அலைக்குழாயை நான்தான் கழற்றினேன். வெள்ளைத் தட்டின் குறுக்கே மூன்று கோடுகள், விரல் அகலத்தில், பழுப்பாகக் கருகி இருந்தன. நடுக்கோட்டை ஒட்டி விரிசல் ஓடியிருந்தது. திருநீற்றைப் பூசிய விரல்களின் தடம் அப்படியே பீங்கானில் வெந்து பதிந்திருந்தது. வெள்ளைமேல் வெள்ளை என்பதால் மூடியை எடுத்தபோது என் கண்ணுக்குத் தெரியவில்லை. கடற்காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு, அலையின் சூட்டை எல்லாம் அந்தச் சாம்பல் வாங்கிவிட்டது. குல்கர்னி சார் அருகில் வந்து பார்த்தார். யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் மேடத்தின் கைப்பேசி அடித்தது. அவர் கையுறை போட்டிருந்தார். எடுத்து ஸ்பீக்கரில் போடும்படி என்னிடம் சொன்னார்.

"தாயி, ஓடுச்சா?"

மேடம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடுச்சுய்யா. முழுசா ஓடுச்சு."

"நான் அப்பவே நெனச்சேன். சும்மா விட்டுட்டு வருவேனா? சட்டத்துல பொட்டு வச்சது நீ பாத்த. பாக்காதது ஒண்ணு இருக்கு. மூஞ்சின்னியே, அந்தச் செவப்பு மூடிய எடுத்துட்டு, சாமிகிட்ட வாங்குன துண்ணூற இழுத்து விட்டேன். தூசி விழுந்துறக் கூடாதுன்னு மூடியத் திருப்பி நல்லா அமுக்கிப் போட்டுட்டுத்தான் வந்தேன். சரிதான?"

"சரிதான்ய்யா."

"மேகத்தப் பாத்துச்சா?"

"இன்னும் இல்லய்யா. இன்னைக்குத் தண்ணியிலதான் விட்டோம்."

"பாத்தா நம்ம ஊருப் பக்கம் ஒண்ணத் தள்ளிவிடச் சொல்லு." அவர் சிரித்தார். பின்னால் ஆடுகள் கத்துவது கேட்டது. "எப்ப வார? கோழி இன்னொண்ணு இருக்கு."

"வாரேன்ய்யா. சொல்றேன்." மேடம் என்னிடம் தலையசைத்தார். நான் துண்டித்தேன். அவர் அழவில்லை. கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு விரலாக நீவி மடித்தார்.

வெளியே பொழுது சாய்ந்திருந்தது. குல்கர்னி சார் தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தார். மேடத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார், மேடமும் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னார், எனக்குப் புரிந்த அளவில் தமிழில் எழுதுகிறேன்: "பீங்கானில் முன்பே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தது என்று சொல்லிவிடலாம். நடப்பதுதான். யார் மேலும் பழி வராது."

"டிசைன் மேல வரும் சார். ஜன்னல் தாங்கலன்னு பிரிவ மூடிருவாங்க. ஜன்னல் தாங்குச்சு. நீங்களும் பாத்தீங்க."

"உண்மையைச் சொன்னால் வெளியாளை உள்ளே விட்டது நீ. உன்னை வைத்திருக்க மாட்டார்கள்."

"ரெண்டாவது டியூபச் செய்வாங்கல்ல சார்?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "செய்வார்கள்."

"அப்பச் சொல்லிடுறேன். ஒண்ணே ஒண்ணு. எங்க அய்யாவுக்கு மட்டும் இது எந்தக் காலத்துலயும் தெரிய வேண்டாம்."

அவர் கைப்பேசியோடு கடல் பக்கம் நடந்தார். எனக்குள் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. 'மேடம், துடைக்க மறந்தது நான்தான்னு சொல்லிருங்க. என்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க, பண்ணினாலும் எனக்கு ஓய்வு பெற ரொம்ப நாள் இல்ல.' நல்ல வாக்கியம். பொய்தான், ஆனால் பழுதில்லாத பொய். அதைச் சொல்ல எழுந்து பத்தடி நடந்தேன். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் யாரிடமும் சொல்லிப் பழகாதவன். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று நான் நின்ற நேரத்தில், மேடம் போனில் மேலதிகாரியிடம், "சார், நான்தான் எங்கப்பாவ உள்ள கூட்டிட்டுப் போனேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பசவராஜ் கொட்டகை ஓரத்தில் தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நடந்தது முழுதாகப் புரியவில்லை. "அந்தப் பெரியவர் தெரிந்தா செய்தார்?" என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் யாரும் ஒன்றும் செய்யவில்லை" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் நல்லது செய்ததில் உடைந்தது என்றுதான் தோன்றியது. அதைக் கன்னடத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, தமிழிலும் அன்றைக்கு வரவில்லை.

மறுநாள் காலை மேலிடத்திலிருந்து குல்கர்னி சாருக்குப் போன் வந்தது. இரண்டாவது டியூபுக்கு அனுமதி கிடைத்தது, பொறுப்பு அவருக்கு, மேடத்துக்கு அன்றோடு வேலை இல்லை. வளர்மதி மேடம் சாவிகளை அவரிடம் கொடுத்துவிட்டு, கழுவிய தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு திருவாடானைப் பேருந்தில் ஏறினார். நானும் பசவராஜும் தண்ணீர்க் குழாய்களைக் கழற்றினோம்.